சித்தி கப்பலுக்குப் பேசிய சனிக்கிழமை

என் பேரன் கப்பலில் வேலை செய்கிறான். உல்லாசப் பயணக்காரர்கள் போகும் பெரிய கப்பல், அதில் சமையலறை வேலை. ஆனாலும் அவன் வீட்டை விட்டுப் போனதாகவே எனக்குத் தோன்றவில்லை. காலையில் தோசை ஊற்றும் நேரத்துக்கு அவன் முகம் போனில் வந்துவிடும். என் மகள் அந்தப் போனைச் சட்னிக் கிண்ணத்தில் சாய்த்து வைப்பாள். அவன் நடுக்கடலில் நின்று பல் துலக்கிக்கொண்டே பேசுவான். அவன் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து அவன் பெயரைச் சொல்லி, "டேய், நேத்து ஏன்டா எடுக்கல?" என்று கத்துவாள். "சிக்னல் இல்லடி" என்பான் அவன், வாய் நிறைய நுரையோடு.

அந்த நேரத்தில் நான் மெதுவாக எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். கோபம் என்று நினைக்கிறார்கள். கோபம் இல்லை, சிரிப்பு வந்துவிடும். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டால் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து கதை சொல்ல எனக்கு இந்த வயதிலும் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எழுத்துக் கூட்டி எழுத வரும். என் வயதுக்காரர்கள் நீங்கள் வாசித்தால் போதும். உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. செத்தாலும் புருஷன் பெயரைச் சொல்லமாட்டேன் என்று இருந்த பெண்கள் வளர்த்த பிள்ளைகள்தானே நாம்.

அப்போது நாங்கள் மாத்தளையில், கோயிலுக்குப் பின்புறத் தெருவில் இருந்தோம். அப்பாவுக்குக் கோயில் வாசலில் அர்ச்சனைச் சாமான் கடை: தேங்காய், வாழைப்பழம், கற்பூரம், வெற்றிலை. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, புருஷன் காலமான பிறகு எங்களோடு இருக்க வந்தவர். வந்த வாரமே வீட்டுச் சாவிக்கொத்து அவர் இடுப்புக்குப் போய்விட்டது. அம்மா என் தம்பியைப் பெற்று உள்ளறையில் படுத்திருந்தார். அப்பாவின் தம்பிதான் என் சித்தப்பா. அவர்தான் கப்பலில் குசினி வேலைக்கு, இதே சமையலறை வேலைக்குப் போயிருந்தவர்.

மாத்தளையிலிருந்து ஒருவர் கப்பலுக்குப் போவது அப்போது பெரிய ஆச்சரியம். நாங்கள் மலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் அப்பா மட்டும்தான் கடலைக் கண்டவர், அதுவும் கொழும்பில் ஒரே ஒரு தடவை. எப்படி இருக்கும் என்று கேட்டால், "பெருசாத்தான் இருக்கு" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து கடலைப் பற்றி எதுவும் பெயராது. ஆனால் 'என் தம்பி கப்பல்ல இருக்கான்' என்பதை ஒரு தேங்காய் வாங்க வந்தவரிடமும் சொல்லாமல் விடமாட்டார்.

சித்தி வந்தது யட்டவத்தப் பக்கத்திலிருந்து. கல்யாணம் முடிந்து, விருந்துக்குக் கூப்பிட்ட வீடுகளுக்குக் கூடப் போய் முடியவில்லை, கப்பல் கம்பனியிலிருந்து தந்தி வந்து சித்தப்பா கிளம்பிவிட்டார். கல்யாணப் போட்டோவில் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் இரண்டாவது படம் எடுக்கவில்லை. ஒரு நாள் அந்தப் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தி என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"ஏம்மா, உங்க சித்தப்பாவுக்கு கண்ணு பெருசா, சின்னதா?"

நான் யோசித்துப் பார்த்து, "நடுவாந்தரம்" என்றேன். சித்தி அதை நம்பித் தலையாட்டிக்கொண்டார்.

சித்தப்பாவின் கடிதங்கள் அப்பா பெயருக்குத்தான் வரும். புதுப் பெண்டாட்டிக்கு நேராகக் கடிதம் போடுவது அந்தக் காலத்தில் கெட்ட பழக்கம். அப்பா முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். அண்ணாவுக்கு வணக்கம், அக்காவின் முழங்கால் வலி எப்படி, குழந்தைக்கு முடி இறக்கியாயிற்றா, என்று ஒவ்வொருவராக வந்து, கடைசியில் 'வீட்டில் உள்ள மற்றவர்களையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று முடியும். அந்த 'மற்றவர்கள்' என்பது சித்தி. நாங்கள் எல்லோரும் முன்னமே கடிதத்தில் வந்துவிட்டோம் அல்லவா? கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் சித்தி, அந்த வரி வந்ததும் முகம் சிவந்து அடுப்படிக்குள் போய்விடுவார்.

கடிதத்தோடு எப்போதாவது பார்சலும் வரும். ஒரு தடவை சிவப்பு ரப்பரில், மூடி போட்ட ஒரு பை வந்தது. வெந்நீர் ஊற்றி வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் பை என்று பிறகு பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அத்தையின் முழங்காலுக்காக அனுப்பியிருக்கிறார். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காற்று ஊதி, என் தம்பிக்குத் தலையணையாக வைத்தார். "கப்பல்ல எல்லாம் இப்பிடித்தான் தூங்குவாங்க" என்று விளக்கமும் கொடுத்தார். தம்பியின் பின்னந்தலையில் ரப்பர் வாசம் அடித்துக்கொண்டே இருந்தது.

அத்தைக்குச் சித்தப்பாவோடு தொடர்பில் இருக்க ரேடியோதான் வழி. அதில் கடல் நிலவரம் சொல்வார்கள். 'காலியிலிருந்து மட்டக்களப்பு வரையான கடற்பகுதி கொந்தளிப்பாகக் காணப்படும்' என்று கேட்டதுமே அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். சித்தப்பாவின் கப்பல் அந்த நேரத்தில் ஆப்பிரிக்காவில் நிற்கும். அப்பா சொன்னாலும் அத்தை கேட்கமாட்டார். "கடல்னா எல்லாம் ஒரே தண்ணிதானேடா? இங்க ஆடுனா அங்க ஆடாதா?" என்பார். உடனே கோயிலுக்கு ஒரு அர்ச்சனை போகும்.

அந்த அர்ச்சனையில்தான் எனக்கு வேலை வந்தது. சாமி காரியத்தை அத்தை சித்தியிடம் விட்டிருந்தார். அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்பார்: "பேரு, நட்சத்திரம்?" சித்தி நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு நிற்பார். பெயர் வராது. புருஷன் பெயரை மனைவி வாயால் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று சித்திக்கு அவர் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். கடலில் இருக்கிற மனுஷன் ஆயுளோடு யார் விளையாடுவது? அதனால் பெயர் சொல்ல என்னைக் கூட்டிப் போவார். நான் குருக்களின் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொல்வேன். எனக்கும் சத்தம் வராது. குருக்கள் இரண்டு தடவை குனிவார். முருகனுடைய எத்தனையோ பெயர்களில் ஒன்றுதான் சித்தப்பாவின் பெயர். பஜனையில் அந்தப் பெயர் வரும் இடத்தில் சித்தி இருமுவார். சித்திக்கு நெஞ்சுச்சளி என்று நினைத்து, பஜனை மாமி ஒருவர் சித்தரத்தை இடித்துக் கொடுத்தனுப்பினார்.

சித்தப்பாவின் பெயரை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. பெரியவர் பெயர் எனக்கும் வராது. அந்தக் காலத்தில் குருக்களிடம் சொன்னதே பிள்ளை என்ற சலுகையில்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கடிதம் வந்தது. கப்பல் கொழும்புக்கு வருகிறது. சித்தப்பாவின் ஒப்பந்தம் முடிகிறது. இறங்கி வீட்டுக்கு வருவதா, இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா? கொழும்புக்கு வந்த பிறகு சொன்னால் சரிவராதாம், கப்பல் கரைக்கு வரும் முன்பே கப்டனிடம் சொல்லிவிட வேண்டுமாம். அதனால் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கப்பலிலிருந்து ரேடியோ டெலிபோனில் பேச ஏற்பாடு செய்திருக்கிறார். 'அண்ணா எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறேன். மற்றவர்களையும் கேட்டதாகச் சொல்லவும்.'

எங்களிடம் டெலிபோன் ஏது? கடைத்தெருவில் மிளகு, கொக்கோ, சாதிக்காய் வாங்கி விற்கும் முஸ்லிம் முதலாளி ஒருவரின் ஸ்டோரில் இருந்தது. அப்பாவுக்கு நல்ல பழக்கம். அந்த நம்பரைத்தான் சித்தப்பாவுக்குக் கொடுத்திருந்தோம்.

அப்பா யோசிக்க நேரமே எடுக்கவில்லை. "இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்" என்றார். "நல்ல வேல. எறங்கி வந்து இங்க என்னா செய்யப் போறான், என்னோட சேந்து தேங்கா உருட்டவா?" அத்தையும் சரி என்றார். கப்பல்காரர் வீடு என்றால் தெருவில் ஒரு மதிப்பு இருந்தது. கல்யாண வீடுகளில் அத்தைக்கு முன்வரிசைக் கதிரை கிடைத்தது அந்த வருஷம்தான்.

அப்பா சித்தியோடு நேரில் பேசமாட்டார். தம்பி பெண்டாட்டியோடு எப்படிப் பேசுவது? சித்தி நாலடி தூரத்தில் நிற்பார். அப்பா என்னைப் பார்த்துச் சொல்வார்.

"சித்திக்கிட்ட கேளு, சரிதானேன்னு."

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி என்னைப் பார்த்து, "அவங்க இஷ்டம்னு சொல்லு" என்றார். நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். சித்தி போய், கழுவி வைத்திருந்த பானையை எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினார்.

கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. ரேடியோ டெலிபோனில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச முடியாது. ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' என்று சொன்னால்தான் மற்றவர் பேசலாம். பேச்சு நேரமும் கொஞ்சம்தான். ஆகவே பழகிக்கொள்ள வேண்டும் என்று அப்பா முடிவெடுத்தார். அவர் முன்னறையில் கப்பலாக உட்கார்ந்தார். அத்தை வாசற்படியில் மாத்தளையாக நின்றார்.

"ஹலோ, நான் தம்பி பேசுறேன். நல்லா இருக்கேன். ஓவர்."

"ஐயா ராசா, சொகமா இருக்கியா? எண்ண தேச்சுக் குளிக்கிறியா? அங்க நல்லெண்ண கெடைக்குதா? மாட்டெறச்சி குடுத்தாங்கன்னா வேணான்னு சொல்லு. நம்ம பக்கத்து வீட்டுக்காரி மகளுக்கு கல்யாணம் ஆகிருச்சு, மாப்பிள்ள கொஞ்சம் கட்ட. என் முழங்காலு..."

"அக்கா, ஓவர் சொல்லு."

"இருடா, நான் இன்னும் முடிக்கலல்ல."

"நீ ஓவர் சொன்னாத்தான் அவன் பதில் சொல்லலாம்."

"அவன் என்னத்த பதில் சொல்றது? எது கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான். அது எனக்கே தெரியும்."

அந்த வாரம் முழுக்க வீடு இப்படித்தான் இருந்தது. உள்ளறையிலிருந்து அம்மா, "புள்ள அழுவுது, யாராச்சும் வந்து தூக்குங்க, ஓவர்" என்பார். நான் சோற்றுக் கோப்பையை நீட்டி, "போதும், ஓவர்" என்பேன். சித்தி மட்டும் பழகவில்லை. அவருக்குப் பழகும்படி எதுவும் கொடுக்கவில்லை. முதலில் அப்பா பேசுவது, அடுத்து அத்தை, நேரம் மிஞ்சினால் சித்தி ஒரு சுகம் விசாரிப்பது, என்று ஏற்பாடு. அத்தை பேசி நேரம் மிஞ்சும் என்று யாரும் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை அர்ச்சனை முடிந்து வரும்போது சித்தி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏம்மா, டெலிபோன்ல 'வந்துருங்க'ன்னு ஒரு வார்த்த சொல்ல எவ்ளோ நேரம் எடுக்கும்?"

நான் சொல்லிப் பார்த்தேன். "ஒரு மூச்சு."

"ஒரு மூச்சு போதும் எனக்கு. உங்க அத்த கையில இருந்து டெலிபோன் எப்பிடி என் கைக்கு வரும்னுதான் தெரியல." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "யாருக்கிட்டயும் சொல்லிறாத" என்றார். நான் யாரிடம் சொல்ல? ஆனால் அன்றைக்குத்தான் பானை ஏன் இரண்டு தடவை கழுவப்பட்டது என்று எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம். அப்பா கடையில் இருந்தார், கோயிலில் விசேஷ பூஜை. அத்தை நாலு மணிக்குத் தயாராக வேண்டும் என்று கிணற்றடியில் தலை முழுகிக்கொண்டிருந்தார். முதலாளி ஸ்டோருக்குப் போவதற்குப் பட்டுச் சேலை எடுத்து வைத்திருந்தார். டெலிபோனில் சேலை தெரியாது என்று அப்பா சொன்னதற்கு, "ஸ்டோர்ல ஆளுங்க இருக்காங்கல்ல?" என்றார்.

அந்த நேரம் முதலாளி சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார். பாரமான ஆள். மூச்சு வாங்கியது.

"யா அல்லாஹ்... தங்கச்சி, ஓடி வாங்க! எக்ஸ்சேஞ்சுல இருந்து சொன்ன. பின்னேரம் மழ வருமாம், நாலு மணிக்கு லைன் குடுக்க ஏலாதாம். இப்பவே குடுக்கப் போறாங்க!"

சித்தி கிணற்றடிப் பக்கம் பார்த்தார். அத்தை தலை முழுக்கச் சீயக்காயோடு, "யாருடி அது?" என்று கேட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். சித்தி பதில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்தார். ஓடினோம். அப்பாவுக்கு ஆள் அனுப்பியிருப்பதாக முதலாளி பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

ஓடும்போதே சித்தி சொன்னார், "அவங்க பேரு கேட்டா நீ சொல்லு. சத்தமா சொல்லு. அப்பறம் எங்கிட்ட குடு."

அந்த ஸ்டோரின் வாசம் இப்போதும் எனக்கு வரும். காய்ந்தும் காயாத கொக்கோ விதையின் புளிப்பு, அதன் மேல் கராம்பின் காரம். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே பெண்கள் உட்கார்ந்து சாதிக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் பலகையடித்த சின்ன ஒபிஸ் அறை. அதன் கண்ணாடிக்குப் பின்னால், மேசையில், பூப்பின்னல் துணி போர்த்திய கறுப்பு டெலிபோன்.

நாங்கள் உள்ளே போய் நிற்கவும் அது அடித்தது. முதலாளி எடுத்தார், "ஹலோ, ஹலோ, யெஸ், ஷிப், யெஸ்" என்றார், சித்தி கையில் கொடுத்தார். பிறகு வெளியே பார்த்தார். சாதிக்காய்ப் பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஒபிஸ் அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பார்வ? ஒரு பொம்புள தன்ட மாப்புளயோட பேசப் போற. எல்லாரும் அங்கால திரும்புங்க!"

எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். மூட்டை சுமக்கிறவர்கள் மூட்டையோடே திரும்பினார்கள். முதலாளி என் தோளைப் பிடித்தார்.

"புள்ள, நீயும் வெளிய வா."

"அவ இருக்கட்டும் முதலாளி..." என்றார் சித்தி.

"வேணாம் தங்கச்சி. சின்னப் புள்ளட முன்னால எல்லாம் பேசேலுமா? நீங்க வெக்கப்படாம பேசுங்க."

என்னை வெளியே கொண்டுவந்து, கதவைச் சாத்தி, கதவின் மேலேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். அவ்வளவு கண்ணியமான மனிதர். அந்தக் கண்ணியத்தால்தான் எல்லாம் நடந்தது.

எனக்கு வாய் திறந்து சொல்லத் தெரியவில்லை, நான்தான் பெயர் சொல்ல வந்தவள் என்று. ஒரு கொக்கோ மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் ஓரக்கண்ணால் சித்தியைப் பார்த்தேன். சித்தி, "ஹலோ" என்றார். கேட்டார். முகம் மாறியது. என்னை நோக்கிக் கையசைத்தார். பிறகு கண்ணாடியைத் தட்டினார்.

"நாங்க யாரும் பாக்கல்ல தங்கச்சி! பேசுங்க, பேசுங்க!" என்றார் முதலாளி, கண்ணைத் திறக்காமல், கதவை இன்னும் நன்றாக அழுத்திக்கொண்டு.

உள்ளே சித்தி இருமினார். பஜனையில் இருமுகிற அதே இருமல். அப்புறம் சொன்னார், "எங்க வீட்டுக்காரங்க வேணும்." மறுபடி கேட்டார். "மாத்தள! மாத்தளக்காரவங்க!" மறுபடி. "குசினியில இருக்காங்க. கொஞ்சம் உயரமா, கண்ணு... கண்ணு நடுவாந்தரமா!"

அந்தப் பக்கம் யாரோ ஒரு வெள்ளைக்காரர், "நேம்? நேம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். நாலு மணிக்குத்தானே டெலிபோன் கோல் என்று சித்தப்பா குசினியில் வேலையாக இருந்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டனுப்பப் பெயர் வேண்டும். சித்திக்கு 'நேம்' என்றால் என்ன என்று தெரியும். தெரிந்ததுதான் கஷ்டம்.

ஸ்டோர் முழுக்க முதுகுகள். கூரையில் ஒரு காகம் நடந்தது கேட்டது.

பிறகு சித்தி சித்தப்பாவின் பெயரைச் சொன்னார்.

சொன்னார் என்பது சரியில்லை. கத்தினார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சாதிக்காய்ப் பெண் ஒருத்தியின் மடியிலிருந்த தட்டு கவிழ்ந்து காய்கள் உருண்டன. முதலாளி கண்ணைத் திறந்துவிட்டார். சித்தி மூச்சு வாங்கி இன்னொரு தடவை கத்தினார். மூன்றாவது தடவை அந்தப் பெயரை இழுத்து, அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். கடைசியில் மரியாதையாக, "ஓவர்" என்றார்.

லைன் கட்டாகிவிட்டது.

சித்தி வெளியே வந்தபோது யாரும் திரும்பவில்லை. முதலாளிதான் கேட்டார், "பேசினீங்களா தங்கச்சி?"

"கூப்புட்டேன்" என்றார் சித்தி. "அதுக்குள்ள போயிருச்சு."

முதலாளி டெலிபோனைச் சுழற்றி, எக்ஸ்சேஞ்சைப் பிடித்து, தமிழில் பாதி சிங்களத்தில் பாதியாகச் சண்டை போட்டார். மழை தொடங்கிவிட்டது, இனி இன்றைக்கு ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரம்தான் அப்பா கடையிலிருந்து நனைந்து வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் அத்தை, பட்டுச் சேலையில், ஒரு காதில் சீயக்காயோடு.

"என்ன பேசுனாங்கன்னு கேளு" என்றார் அப்பா என்னிடம்.

"ஒன்னும் பேசலன்னு சொல்லு" என்றார் சித்தி என்னிடம். "பேரு கேட்டாங்க. பேரு மட்டும் சொன்னேன்."

அப்பாவுக்குக் கோபம் வரும் முன்னே அத்தை நெஞ்சில் கை வைத்துவிட்டார். "பேர சொன்னியா? உன் வாயால? அடிப்பாவி, அவன் தண்ணி மேல நிக்கிறப்பவா சொன்ன?"

"ஒரு தடவதான் சொல்ல நெனச்சேன் அண்ணி..."

"பின்ன?"

"மூணு தடவ."

அத்தை சாக்கு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி முன்னால் வந்து, "எங்களுக்கு ஒன்னுமே கேக்கல்ல" என்று சத்தியம் பண்ணினார். ஸ்டோர் முழுக்கத் தலையாட்டியது. ஆனால் அன்று வரைக்கும் கடைத்தெருவில் யாருக்கும் சித்தப்பாவின் பெயர் தெரியாது, 'கப்பல்காரர்' என்றுதான் சொல்வார்கள். அடுத்த வாரத்திலிருந்து மூட்டை சுமக்கிறவர்கள் வரை அத்தனை பேரும் பெயர் சொல்லி விசாரித்தார்கள்.

இப்போது கவலை இதுதான். கப்பலில் இருப்பவருக்கு இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கப்பல் வந்துகொண்டிருக்கிறது. தபால் கந்தோர் சனி பின்னேரம் பூட்டியாயிற்று. திங்கள் காலையில் முதல் வேலையாகக் கப்பலுக்குத் தந்தி அடிப்பதாக அப்பா சொன்னார். ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு என்று. சித்தி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கிருந்த ஒரு மூச்சும் பெயரைக் கூப்பிடுவதிலேயே போய்விட்டது. அன்று மாலை ரேடியோ காலிப் பக்கம் கடல் கொந்தளிப்பு என்று சொன்னது. முதல் தடவையாகச் சித்தப்பாவின் கப்பல் நிஜமாகவே அந்தப் பக்கத்தில்தான் நின்றது. ஆனால் அத்தை கேட்கும் நிலையில் இல்லை. ஞாயிறு முழுக்கச் சித்தியைக் கோயிலைச் சுற்ற வைத்தார், தானும் ஈரச் சேலையோடு சுற்றினார். ஆயுளுக்கு அர்ச்சனை வைத்தார். குருக்கள், "பேரு?" என்று கேட்டதும், "அவளையே கேளுங்க சாமி, ஊருக்கே சொன்னவ" என்றார். சித்தி தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை அப்பா தபால் கந்தோருக்குப் போய்விட்டார். அத்தை மறுபடியும் தலை முழுகி, ஈர முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒருவர் தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு கை பொத்தான் போடாமல். வாசலில் அத்தையின் கோலத்தைப் பார்த்ததும் பெட்டியைத் தொப்பென்று போட்டார்.

"ஐயோ அக்கா! யாரு? அண்ணனா?"

"எந்த அண்ணன்? என்னடா சொல்ற? இங்க யாருடா செத்தா?"

"அதத்தானே நானும் கேக்குறேன்!"

சத்தம் கேட்டு அம்மா தம்பியோடு வெளியே வந்தார். சித்தி அடுப்படிக் கதவுக்கு வந்தார், கையில் தேங்காய்த் துருவல். சித்தப்பா ஒவ்வொருவராக எண்ணுவது போலப் பார்த்தார். சித்தியிடம் வந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உசுரோடதான் இருக்கியா?" என்றார்.

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். பெரிய கண்தான். நான் சொன்னது தப்பு.

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவரால் சொல்ல முடிந்தது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாராம். மேலே வயர்லஸ் அறையின் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் அவர் பெயரைக் கூப்பிட்டது. "கத்தியோடயே ஓடுனேன். எல்லாரும் வழி விட்டானுங்க. போய்ச் சேர முன்ன லைன் போச்சு. எனக்கு ஒன்னுமே விளங்கல. நம்ம வீட்டுப் பொம்பள பேர் சொல்லிக் கூப்புடுறதுன்னா சும்மாவா? யாருக்கோ கடைசி நேரம்னு நெனச்சேன். கப்டன்ட கால்ல விழுந்து எறங்கிட்டேன்."

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சித்தியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? மனுஷன எப்பிடி பதற வச்சிருக்க. அப்பிடி என்னடி சொல்லப் போன டெலிபோன்ல? இப்ப சொல்லு, நேர்லதான் இருக்கான்."

சித்தி சித்தப்பாவின் கோப்பையில் இரண்டாவது அகப்பைச் சோற்றைப் போட்டார். ரசம் ஊற்றினார். குழி செய்து, சிந்தாமல், மெதுவாக.

"சொல்லியாச்சு அண்ணி" என்றார்.

அந்த நேரம் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் தந்தி அடித்ததற்கான துண்டு. உள்ளே வந்தவர், முற்றத்தில் கிடந்த பெட்டியைப் பார்த்தார், தன் தம்பியைப் பார்த்தார். சித்தப்பா பதறி எழுந்தார், எச்சில் கையோடு.

"அண்ணே, ஒரு வருஷத்துக்கு கையெழுத்துப் போடவா, எறங்கவா? நீங்க சொல்ற மாதிரியே செய்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அப்பா பாதிச் சோறு கிடந்த கோப்பையைப் பார்த்தார், மறுபடியும் தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பியை அவரும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பார்க்கவில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது. அந்தத் துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"பந்தியில இருந்து பாதியில எழும்புவாங்களா?" என்றார். "ஒக்காரு. சாப்புடு."

சித்தப்பா உட்கார்ந்தார். தந்தி கப்பலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அப்பா கடைசி வரை விசாரிக்கவில்லை.